நாற்பத்தேழு எண்கள்

லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தார்கள்:
பராமரிப்புக் கட்டணம் பாக்கி, வீட்டு எண் 302.
மூன்று மாதம்.

மூன்று மாதமும் கட்டியவள் நான்.
ரசீது இருந்தது, வங்கி முத்திரையோடு.
ஜூலை மாதப் பெலோத்தாஸில்
சுவரெல்லாம் வியர்க்கும், தலையணை ஈரமாகும்,
ஆனாலும் என் காது மட்டும் கொதித்தது.

தோரிவால் மறுபடி குதிரை மேல் பணம் வைக்கிறார்
என்று முடிவு கட்டினேன்.
தங்கைக்கு நான் திருட்டுத்தனமாய் அனுப்புகிறேன்
என்று அவர் முடிவு கட்டினார்.
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.
ஒரே குடுவையைக் கைமாற்றி மத்தே குடிக்கும் ஊர் இது.
எங்கள் மேசையில் இரண்டு குடுவைகள்.

நான்காம் மாதச் சீட்டைக் காகிதமாகவே கொண்டுவந்தார்
கட்டட நிர்வாகி ஆல்சிந்தோ,
என் கண்ணைப் பார்க்காமல்.
"திரையில் வருவதோடு ஒத்துப் பாருங்கள்"
என்றாள் மேல்மாடி ஜுசாரா.
மருத்துவமனையில் அவளுக்குக் கம்ப்யூட்டர்களே நோயாளிகள்.

ஆக, பேசாத இருவர் பேசினோம்.
அவர் காகிதம், நான் திரை.
ஏழு, என்றார்.
மூன்று, என்றேன்.
கண்ணாடி போட்டுக்கொள், என்றார்.
போட்டிருக்கிறேன், என்றேன்.
நான்கு. ஒன்று.
இடையில் ஒன்றிரண்டு தற்செயலாய் ஒத்துப்போயின,
பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அந்நியர்கள் போல.
கடைசிப் பதினான்கில்தான் எங்கள் குரல்கள் சேர்ந்தன:
கெடு தேதி, தொகை.
திருடன் அந்த இரண்டைத் தொடவே இல்லை.
நாம் சரிபார்ப்பது அந்த இரண்டைத்தானே.

ஜுசாரா வந்தாள்.
வணக்கம் சொல்லும் முன் இணைய வயரைப் பிடுங்கினாள்.
தன் போனை நீட்டி, வங்கிக்குப் பேசுங்கள் என்றாள்.
பாஸ்வேர்டை இந்த மெஷினில் மாற்றப் போனேன்,
கையைத் தட்டிவிட்டாள்:
"புதுச் சாவியையும் அவனிடமே கொடுப்பீர்களா?"

உள்ளே இருப்பவன் விழிக்கக் கூடாதென்று
பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினாள்.
இரண்டு மணி நேரம் சல்லடை.
அகப்பட்டான்.
பிரிண்டர் உதவியாளன் என்று பெயர் வைத்திருந்தான்.
எங்களிடம் பிரிண்டரே கிடையாது.

"தெரிந்தது போயிற்று.
தெரியாததற்கு நான் ஜவாப்தாரி இல்லை" என்று
படங்களை மட்டும் எடுத்து வைத்து
மொத்தத்தையும் துடைத்தாள், புதிதாய் ஏற்றினாள்.
தோரிவாலின் ஓசிச் சீட்டாட்டம் திரும்பவில்லை.
இரண்டு நாள் துக்கம்.

துடைப்பதற்கு முன் ஒன்று காட்டினாள்:
அவன் நுழைந்த நாள், நேரம்.
மார்ச் பதினொன்று, பிற்பகல் இரண்டு நாற்பது.
அப்போது நான் கம்பளிக்குக் காத்திருந்தேன்.
தபாலில் உங்கள் பொட்டலம் தங்கிவிட்டது,
விவரத்துக்கு இணைப்பைத் திறக்கவும் என்று வந்தது.
திறந்தேன்.
ஒன்றும் திறக்கவில்லை என்று நினைத்தேன்.

"மார்ச் பதினொன்று மதியம் நான் அரிசி ஆலையில்..."
என்று ஆரம்பித்த தோரிவால்
மீதியை மென்று விழுங்கினார்.
அந்த விழுங்கலுக்கு
நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

ஒரு மாதப் பணத்தை வங்கி திருப்பித் தந்தது.
மற்ற இரண்டும் போன இடம் தெரியாது.

இப்போது கம்ப்யூட்டருக்குள் இரண்டு பேர்:
தினமும் நுழையும் நாங்கள், எதையும் நிறுவ முடியாதவர்கள்;
எல்லாம் முடிந்த ஒருவர், அபூர்வமாய் அழைக்கப்படுபவர்,
அவருடைய பாஸ்வேர்டு மாவு டப்பாவின் அடியில்.
புதுப்பிக்கவா என்று அது கேட்டால்
நாளைக்கு என்று சொல்வதில்லை.
பொட்டலம் வருகிறது என்று எவர் எழுதினாலும்
நடந்து போய்த் தபால் நிலையத்தில் கேட்கிறேன்.
அங்கிருக்கும் ஸுல்மாவுக்கு என்னைக் கண்டாலே சலிப்பு.

ஒவ்வொரு ஐந்தாம் தேதியும்
ஆல்சிந்தோவிடம் காகிதம் கேட்டு வாங்கி
எதிரெதிரே உட்காருகிறோம்.
குடுவை ஒன்றுதான்.
போன மாதம், இருபத்தோராம் எண்ணில்,
ஆறு இருந்த இடத்தில்
வேண்டுமென்றே ஒன்பது என்றார்.

பிடித்துவிட்டேன்.